சிங்கராஜ வனத்துக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள்: வெளிக்கிட முன் தெரிந்திருக்க வேண்டியவை

யால தேசியப் பூங்காவுக்குப் போவது சுலபம். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் மிச்சத்தைச் சாரதி பார்த்துக்கொள்வார். இலங்கையின் தென்மேற்கில் உள்ள மழைக்காடான சிங்கராஜ வனத்தில் அப்படி இல்லை. வாகனம் வாசலோடு நின்றுவிடும், மழை எப்போதும் வரலாம், இரத்தம் குடிக்கும் அட்டை கட்டாயம் வரும், உங்களோடு நடக்கும் வழிகாட்டிக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. தகவல்கள் சிங்களத்தில் ஒரு துண்டும் ஆங்கிலத்தில் ஒரு துண்டுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆளுக்கு ஆள் கேட்டு, தொலைபேசியில் அலைந்து நாங்கள் சேர்த்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கொழும்பிலிருந்தோ வடக்குக் கிழக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ போகிறவர்களுக்கும், லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும், இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்களுக்கும் பயன்படும்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. பிள்ளைகளுக்கு யானை, சிறுத்தை காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போகாதீர்கள். இது சிறியவற்றின் காடு. பறவை, பல்லி, தவளை, சிலந்தி, மலை அணில், மந்தி. இவற்றைத்தான் பார்க்கப் போகிறோம் என்று முதலே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

1. எந்த வாசல் என்று முடிவெடுங்கள்

வனத்துக்குள் போகப் பல வழிகள் உள்ளன. குடும்பமாகப் போகிறவர்கள் யோசிக்க வேண்டியவை இரண்டுதான்.

குடாவ வாசல் வடமேற்கில் இருக்கிறது. கலவான, வெத்தாகல வழியாகப் போக வேண்டும். 1970களில் மரம் வெட்டி ஏற்றுவதற்காகப் போட்ட பழைய பாதைதான் இப்போது நடைபாதை. அதனால் அகலமானது, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, பிள்ளைகள் கைகோத்து நடக்கலாம். பாதை அகலமென்பதால் மேலே மரக்கிளைகளும் திறந்து தெரியும். பறவை பார்க்க அதுவே வசதி.

பிட்டதெனிய வாசல் தெற்கில், தெனியாயப் பக்கம். மெதெரபிட்டிய வழியாகப் போவார்கள். ஜின் கங்கையும் ஓடைகளும் அருவிகளும் உள்ள அழகான பக்கம். ஆனால் பாதை ஒடுக்கம், கல்லும் வேரும் அதிகம், ஓடையில் இறங்கிக் கடக்க நேரும். பத்து வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய பிள்ளைகள் என்றால் சரி.

கிழக்கே ரக்வானைப் பக்கமாக மோர்னிங்சைட் என்ற பகுதியும் உண்டு. உயரமும் குளிரும் கூடிய இடம். முதல் பயணத்துக்கு அதை விடுங்கள்.

சின்னப் பிள்ளைகளோ அம்மம்மா தாத்தாவோ கூட வந்தால் குடாவ. இதில் நான் இரண்டாம் யோசனைக்கு இடம் கொடுக்க மாட்டேன். கீழே எழுதியிருப்பதும் குடாவவை வைத்துத்தான்.

பொறி: கூகுள் வரைபடத்தில் வெறுமனே ‘சிங்கராஜ’ என்று போட்டால் காட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டி, ஏதோ ஒரு தோட்டப் பாதையில் கொண்டுபோய் விடும். குடாவ அனுமதிச்சீட்டு அலுவலகம் என்று குறிப்பாகத் தேடுங்கள். இரண்டு வாசல்களுக்கும் இடையில் வாகனத்தில் மாறுவதென்றால் மலையைச் சுற்றி மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

2. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் காடு இது. மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. குறைந்த மாதங்கள் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்லது. அதற்கடுத்தது ஓகஸ்ட், செப்டெம்பர். மே, ஜூன் தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரிலும் கடும் மழை.

பாடசாலை லீவோடு பொருத்திப் பார்த்தால் ஓகஸ்ட் லீவுதான் கைகொடுக்கும். டிசம்பர் லீவில் போகிறவர்கள் நனைவதற்குத் தயாராகப் போங்கள். சித்திரைப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. வழிகாட்டிகளும் ஜீப்காரர்களும் ஊரவர்கள். பண்டிகைக்கு வீட்டில் நிற்பார்கள், ஆள் பிடிப்பது பெரும்பாடு.

மழையை நனைவதோடு முடிகிற விடயமாக எடுக்காதீர்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் கலவானப் பக்கம் மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பேர்போனது. 2017 மே மாத வெள்ளத்தில் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. புறப்படுவதற்கு முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். கலவானவுக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

3. ஆவணங்கள்

வனம் வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ளது. வனஜீவராசிகள் திணைக்களம் வேறு, இது வேறு. யாலவுக்கு முன்பதிவு செய்யும் இடத்தில் போய் இதைத் தேடிக் களைக்க வேண்டாம்.

உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. வித்தியாசம் சின்னது அல்ல, பல மடங்கு. அதனால் கையில் இருக்க வேண்டியவை:

இலங்கையர்: பெரியவர்கள் எல்லோருக்கும் தேசிய அடையாள அட்டை, மூலப்பிரதி. கைபேசியில் எடுத்த படத்தை நம்பிப் போக வேண்டாம். அடையாள அட்டை எடுக்காத பிள்ளைகளுக்குப் பாடசாலை அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழின் பிரதி.

இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள்: இலங்கை அடையாள அட்டை அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு. நம்மவர்களில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த சித்தப்பா குடும்பம், முகத்தைப் பார்த்தால் ஊர்க்காரர், கதைப்பதும் தமிழ். ஆனால் கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும். கருமபீடத்தில் இருப்பவர் ஆவணத்தைத்தான் பார்ப்பார். வாக்குவாதப்பட்டுப் பயனில்லை, அவர் மேல் பிழையும் இல்லை. வெளிநாட்டுக் கட்டணத்துக்கே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள்: கடவுச்சீட்டு. இலங்கைக்குள் நுழைய வாங்கிய இணையவழி அனுமதியின் பிரதியையும் கூட வைத்திருந்தால் விடுதியில் அறை எடுக்கும்போது உதவும்.

ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. அதற்கான அனுமதி வாசலில் நின்று கேட்டுக் கிடைக்கிற ஒன்றும் அல்ல.

4. முதல்நாள் இரவு எங்கே தங்குவது

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம் என்று பலர் சொல்வார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் சரி. காட்டில் உயிர்கள் துடிப்பாக இருப்பது காலை ஏழிலிருந்து பத்து மணி வரை. அந்த நேரத்துக்குக் குடாவவில் நிற்க வேண்டுமென்றால் கொழும்பில் விடியற்காலை மூன்று மணிக்கே வெளிக்கிட வேண்டும். கலவானவுக்கு அப்பால் வளைவுப் பாதையில் பிள்ளைகள் சத்தி எடுத்து, சோர்ந்துபோய் வாசலில் இறங்குவார்கள். அதற்குப் பிறகு எந்தப் பறவையைக் காட்டினாலும் அவர்கள் கண்ணில் ஏறாது.

குடாவ, வெத்தாகலப் பக்கம் ஊரவர்கள் நடத்தும் ஹோம்ஸ்டேகள் உள்ளன. சாப்பாடும் அங்கேயே. திணைக்களத்துக்கும் சொந்தத் தங்குமிடம் உண்டு. அதற்குப் பத்தரமுல்லையில் உள்ள தலைமையகமான சம்பத்பாய மூலம் முன்கூட்டியே பதிய வேண்டும், நேரே போய்க் கேட்டால் கிடைக்காது.

ஹோம்ஸ்டே பதியும்போது வட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவை இவை. அறை வாடகை ஆளுக்கா, அறைக்கா? இராச்சாப்பாடும் காலைச்சாப்பாடும் அதற்குள் அடங்குமா? வாசல் வரை வாகனம் தருவார்களா? வழிகாட்டி யார், அவருடைய பணம் இதற்குள் சேருமா? அட்டை ஏறாமல் தடுக்கும் அட்டைக் காலுறை கிடைக்குமா?

நாலாவது கேள்வியைத் தவற விடாதீர்கள். ஹோம்ஸ்டேக்காரர் ஒரு வழிகாட்டியை ஒழுங்கு செய்திருப்பார். அனுமதிச்சீட்டு அலுவலகத்திலும் வழிகாட்டி ஒருவரைத் தருவார்கள். இரண்டு பேருக்கும் பணம் கொடுக்கிற நிலை வரலாம். ‘உங்கள் ஆள் திணைக்களத்தில் பதிவு பெற்றவரா, அவரோடு மட்டும் உள்ளே போகலாமா’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

5. போகும் வழி

கொழும்பிலிருந்து காரிலோ வானிலோ போனால் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, தொடங்கொட அல்லது வெலிப்பென்ன வாசலில் இறங்கி, மத்துகம, அகலவத்த, பதுரலிய வழியாகக் கலவான போய், அங்கிருந்து வெத்தாகல, குடாவ. எப்படி ஓடினாலும் மூன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. பிள்ளைகளோடு நாலரை என்று வையுங்கள். மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ வருபவர்களுக்கு இரத்தினபுரி வழிதான் பொருத்தம்.

பஸ்ஸில் என்றால் இரத்தினபுரியிலிருந்து கலவானவுக்கு அடிக்கடி உண்டு. கலவானவிலிருந்து உள்ளே போகும் பஸ்கள் குறைவு. கடைசித் துண்டுக்கு ஓட்டோ பிடியுங்கள், ஏறுவதற்கு முன்னே விலை பேசுங்கள்.

கலவானவில் நிறுத்திச் செய்ய வேண்டியவை மூன்று: வங்கி இயந்திரத்தில் காசு எடுப்பது, எரிபொருள் நிரப்புவது, குடிதண்ணீர் வாங்குவது. அதற்கப்பால் வங்கி அட்டை தேய்க்கிற இயந்திரத்தை எதிர்பார்க்க வேண்டாம், எல்லாம் கைக்காசு. ஆயிரம், ஐந்நூறு, நூறு என்று மாற்றியே வையுங்கள்.

பொறி: வெத்தாகலவுக்குப் பிறகு வழியில் கைகாட்டி வாகனத்தை மறித்து, ‘இந்தக் கார் மேலே போகாது, ஜீப் எடுங்கள்’ என்று சிலர் சொல்லக்கூடும். சில நேரம் அது உண்மை. மழைக்குப் பிறகு தாழ்ந்த கார் கல்லில் இடிக்கும். சில நேரம் வியாபாரம். பாதை எப்படி இருக்கிறது என்று அன்று காலை உங்கள் ஹோம்ஸ்டேக்காரரிடம் கேட்டிருந்தால் இந்த இடத்தில் தடுமாற வேண்டியதில்லை.

6. செலவுக் கணக்கு

தொகைகள் அடிக்கடி திருத்தப்படுவதால் எண்களை எழுதி உங்களைக் குழப்பப் போவதில்லை. ஆனால் பணம் எங்கெங்கே போகும் என்று தெரிந்தால் நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

நுழைவுச்சீட்டு தலைக்கு இவ்வளவு என்று. வழிகாட்டிக் கட்டணம் குழுவுக்கு இவ்வளவு என்று. இது தலைக்கணக்கு இல்லை, எனவே இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போனால் மிச்சம். ஆனால் எட்டுப் பேருக்கு மேல் சேராதீர்கள். பின்னால் நடப்பவர்களுக்கு எதுவுமே தெரியாது, எல்லாம் பறந்த பிறகுதான் அவர்கள் வந்து சேர்வார்கள். ஜீப் தேவைப்பட்டால் அது வண்டிக்கு; போகவும் வரவும் சேர்த்தா, காத்திருப்புக்கு வேறா என்று கேளுங்கள். பிறகு அட்டைக் காலுறை, தங்குமிடம், சாப்பாடு.

வழிகாட்டிக்கு மேலதிகமாகக் கொடுப்பது கட்டாயம் இல்லை. ஆனால் பிள்ளைகளின் நடைக்கு இறங்கிப் பொறுமையாகக் காட்டிய ஆளுக்கு மனமறிந்து கொடுங்கள்.

7. உடுப்பும் பையும்

இந்தப் பகுதியை நீட்டி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நாள் நன்றாகப் போவதும் நாசமாவதும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் தீர்மானமாகிறது.

அட்டைக் காலுறை என்பது நெருக்கமான நெசவுள்ள துணியில் முழங்கால் வரை தைத்து மேலே நாடா கட்டிய உறை. சாதாரணக் காலுறைக்கு மேலே இதைப் போட்டு, அதற்கு மேல் சப்பாத்து. நீளக் காற்சட்டையின் கால்களை உறைக்குள் செருகிக் கட்ட வேண்டும். கம்பளிக் காலுறையோ விளையாட்டுக் காலுறையோ இதற்கு ஈடாகாது. அட்டை அந்த இழைகளுக்குள் நுழைந்துவிடும்.

பிள்ளைகளின் அளவில் இது கிடைப்பது அரிது. பெரியவர்களுடையதைப் போட்டால் குதிக்காலில் மடிந்து சப்பாத்துக்குள் புண்ணாக்கும். எளிய வழி: நெருக்கமான வெள்ளைப் பருத்தித் துணி வாங்கித் தெருமுனைத் தையற்காரரிடம் பிள்ளையின் காலைக் காட்டித் தைப்பிப்பது. வெள்ளைத் துணியில் அட்டை ஏறினால் பளிச்சென்று தெரியும்.

சப்பாத்து: அடிப்பக்கம் பிடிப்புள்ள, நனைந்தால் பரவாயில்லை என்கிற பழைய விளையாட்டுச் சப்பாத்து. செருப்பு கூடவே கூடாது. அட்டைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியன் ஒன்று இந்தக் காட்டில் உதிர்ந்த இலைகளுக்குள் கிடக்கும். சிங்களத்தில் குனகட்டுவா என்பார்கள். இலையின் நிறமே அதன் நிறம். நாட்டில் பயன்படுத்தும் பாம்பு விஷமுறி மருந்து இந்த இனத்துக்கு வேலை செய்வதில்லை. பயந்து நடுங்கத் தேவையில்லை. மூடிய சப்பாத்து, பாதையின் நடுவில் நடை, கை வைக்குமுன் பார்ப்பது, இவ்வளவும் போதும்.

மழைக்கோட் எல்லோருக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் உள்ளே வியர்த்து வழியும். தூறலுக்குக் குடைதான் சுகம். கைபேசி, கமரா வைக்க மூடி இறுக்குகிற பை. மாற்றுடுப்பு ஒரு முழுச் சோடி வாகனத்தில். தொலைநோக்கி குடும்பத்துக்கு ஒன்றாவது. எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், அதற்கு மேலே போனால் பிள்ளைகளின் கையில் படம் ஆடும். உடுப்பின் நிறம் மங்கலாக இருக்கட்டும். சிவப்பும் மஞ்சளும் வேண்டாம்.

கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக முடியாது. முதுகில் அல்லது மார்பில் கட்டிக்கொள்ளும் பை இருந்தால் முடியும், ஆனால் சுமப்பவர் வழுக்கக்கூடாது. மூன்று, நாலு வயதுதான் எல்லாவற்றிலும் சிரமம்: தூக்கினால் பாரம், விட்டால் நடக்க மாட்டார்கள்.

8. அட்டையோடு இணங்கிப் போக

அட்டை கடித்தால் வலிக்காது, நோயும் பரவாது. ஆனால் இரத்தம் உறையாமல் செய்யும் ஒரு பொருளை அது விட்டுவிட்டுப் போவதால் காயம் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் அலறுவார்கள். முதல்நாள் இரவே சொல்லி வையுங்கள்.

ஏறியதைக் கண்டால் நகத்தால் பக்கவாட்டில் சுரண்டி எடுத்து எறியலாம். நெருப்புக்குச்சியால் சுடுவது வேண்டாம். ஊரவர்கள் சவர்க்காரத்தையோ சித்தாலேபத் தைலத்தையோ காலுறையின் மேல் பூசுவார்கள். மழை பெய்யாவிட்டால் நன்றாக வேலை செய்கிறது, பெய்தால் கழுவுப்பட்டுப் போகும். உப்பைப் பாதையில் தூவிக்கொண்டு போகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அது தவளைகளையும் மற்றச் சிற்றுயிர்களையும் கொல்லும். செய்யாதீர்கள்.

நிற்கிற இடத்தில்தான் அட்டை ஏறும். பறவை பார்க்க நிற்கும்போது இலைச்சருகில் நிற்காமல் வெறும் மண்ணிலோ கல்லிலோ நில்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் காலை ஒருவர் பார்க்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பயம் போய் அது விளையாட்டாகிவிடும்.

இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கும் பெரியவர்கள் இருந்தால் வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள்.

9. வாசலில் காலை

ஏழு மணிக்கு முன் கருமபீடத்துக்கு வந்துவிடுங்கள். பிந்தினால் பேருந்துகளில் வரும் பாடசாலைக் குழுக்களுக்குப் பின்னால் நடக்க வேண்டிவரும். நூறு பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போன பாதையில் என்னத்தைப் பார்ப்பது?

கழிப்பறைக்கு எல்லோரையும் இங்கேயே அனுப்புங்கள். உள்ளே இல்லை. பொலித்தீன், பிளாஸ்டிக் உறைகளைப் பற்றிக் கேட்பார்கள். பிஸ்கட்டையும் பழத்தையும் சாப்பாட்டுப் பெட்டியில் மாற்றிக்கொண்டு போனால் பேச்சே இல்லை.

வழிகாட்டி வந்ததும் புறப்பட்டு ஓடாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று கதையுங்கள். வழக்கமாக வருகிறவர்கள் ‘உச்சிக்குப் போக வேண்டும், அருவிக்குப் போக வேண்டும்’ என்று கேட்பதால் அவர் வேகமாக நடத்திப் பழகியிருப்பார். முலாவெல்ல, சிங்ககல என்று இரண்டு உச்சிகள் உண்டு. சிங்ககல முழுநாள் வேலை. பிள்ளைகளோடு இரண்டும் வேண்டாம். ‘எங்களுக்குத் தூரம் வேண்டாம், உள்ளே இருக்கும் ஆய்வு நிலையம் வரை மெதுவாகப் போய் வந்தால் போதும், பறவைகளும் சின்ன உயிர்களும் காட்டுங்கள்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மொழிப் பிரச்சினைக்கு நாலைந்து சிங்களச் சொற்கள் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுங்கள். குருல்லா என்றால் பறவை. ஹெமின் என்றால் மெதுவாக. பொட்டக் இன்ன என்றால் கொஞ்சம் நில்லுங்கள். கூடெல்லா என்றால் அட்டை. இது தானாகவே பாடமாகிவிடும். பிள்ளை தன் வாயால் ‘குருல்லா’ என்று கை நீட்டியதும் வழிகாட்டியின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு அவர் பிள்ளையோடுதான் நடப்பார்.

10. உள்ளே: நிற்பதுதான் வேலை

ஒரு மணி நேரம் நடந்தும் ஒன்றுமே கண்ணில் படவில்லை என்றால் திகைக்க வேண்டாம். இந்தக் காட்டின் பறவைகள் தனித்தனியாக இரை தேடுவது குறைவு. பல இனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே கூட்டமாக நகரும். ஒரு கூட்டத்தில் சராசரியாக நாற்பது பறவைகள் அளவில் இருக்கும் என்று ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். கூட்டம் வரும்வரை காடு வெறுமை. வந்தால் ஐந்து நிமிடத்துக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் திணறுவீர்கள்.

கூட்டம் வருவதைக் காதுதான் முதலில் சொல்லும். செம்மஞ்சள் சொண்டுள்ள சிலம்பன்கள் ஓயாமல் கலகலப்பது ஒரு சத்தம். கொண்டையுள்ள கரிக்குருவியின் கூர்மையான குரல் இன்னொன்று. அதுதான் கூட்டத்தின் காவலாளி, பருந்தைக் கண்டால் எச்சரிக்கும், மற்றப் பறவைகளின் குரலையும் போலி செய்யும். இந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் நின்றுவிட வேண்டும். தொலைநோக்கியைத் தூக்கித் தேடாமல், முதலில் வெறுங்கண்ணால் அசைவைப் பிடித்து, பிறகு தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோகப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். இதை வீட்டு முற்றத்தில் காகத்தை வைத்தே இரண்டு நாள் பழக்கலாம்.

கூட்டத்தில் தேட வேண்டியவற்றில் முதலாவது கெஹிபெல்லா. நீல உடல், செம்பழுப்புத் தலை, சிவப்புச் சொண்டு, நீண்ட வால். உலகில் இலங்கையில் மட்டுமே உள்ளது. சிவப்பு முகமுள்ள குயில் இனம் ஒன்றும் உண்டு. அது மேலே இலைகளுக்குள் மறைந்து போகும், கண்டால் அதிர்ஷ்டம். காட்டுக்கோழியைத் தேடவே வேண்டாம், குடாவவில் பாதையோரத்திலேயே கிளறிக்கொண்டு நிற்கும். அது நாட்டின் தேசியப் பறவை என்று சொன்னால் பிள்ளைகள் இன்னும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

பாதையோரச் செடிகளில் கெண்டிச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். பாந்துர என்று கேட்டால் வழிகாட்டிக்கு விளங்கும். பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் அந்தக் கிண்ணத்தின் முன் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். பச்சை விரியன் தாழ்ந்த கிளையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வழிகாட்டிக்கு அன்றைய இடம் தெரிந்திருக்கும். தவளைவாய்ப் பறவை என்றொரு இரவுப் பறவை பகலில் சோடியாக, காய்ந்த இலையைப் போலவே உட்கார்ந்திருக்கும். அதன் இடமும் அவர்களுக்குத் தெரியும். இரண்டையும் தூரத்திலிருந்து பாருங்கள், பளிச்சிடும் விளக்குப் போட்டுப் படமெடுக்காதீர்கள். நெருங்கிப் போகச் சொல்லி வழிகாட்டியை நெருக்க வேண்டாம்; காசு வாங்குகிறவர் என்பதால் அவர் மறுக்கத் தயங்குவார்.

பறவைக் குரலைக் கைபேசியில் போட்டு வரவழைக்கிற பழக்கமும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது பறவையை அலைக்கழிக்கும்.

காட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாது. விதை, நத்தை ஓடு, கல், இறகு, ஒன்றும். சட்டப்படி குற்றம். இலங்கைக் காடுகளிலிருந்து பூச்சிகளையும் செடிகளையும் வெளிநாட்டுக்குக் கடத்தப் போய்ப் பிடிபட்ட சம்பவங்கள் இருப்பதால் அதிகாரிகள் இதில் கடுமையாகவே இருப்பார்கள். வாசலை விட்டு வெளியே வருமுன் பிள்ளைகளின் பைகளை நீங்களே பார்த்துவிடுங்கள்.

மதியத்துக்கு முன் திரும்புங்கள். பின்னேர மழை பெரும்பாலும் ஒரு மணிக்குப் பிறகு இறங்கும். ஓடையில் தண்ணீர் கலங்கி வந்தால் அதைக் கடக்கக்கூடாது. மேலே எங்கோ பெய்திருக்கிறது என்று அர்த்தம். வழிகாட்டி நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், அங்கே பேரம் இல்லை.

11. ஏதாவது நடந்தால்

உள்ளே கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. வழிகாட்டிதான் உங்கள் தொடர்பு. குழுவைப் பிரிந்து ஒருவரும் தனியே திரும்ப வேண்டாம்.

பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் செய்யாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, ஆளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். 1990 என்பது இலவச அம்பியூலன்ஸ் சேவையின் தொலைபேசி இலக்கம். மிக அருகில் கலவானவில் அரச வைத்தியசாலை உண்டு. பெரிய சிகிச்சைக்கு இரத்தினபுரி.

12. வெளியே வந்த பிறகு

வாகனத்தில் ஏறுவதற்கு முன் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி உதறி, ஒரு சாக்குப் பையில் கட்டிவிடுங்கள். உடனே குளிக்க வசதியிருந்தால் குளியுங்கள். அட்டை இடுப்புப்பட்டியிலும் காதுக்குப் பின்னாலும் மறைந்திருக்கும். பிள்ளைகளின் தலைமயிரையும் பிரித்துப் பாருங்கள். ஹோம்ஸ்டேக்காரரிடம் மத்தியானச் சாப்பாடு முதலே சொல்லி வைத்திருந்தால் சோறும் பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் தயாராக இருக்கும். சொல்லாவிட்டால் கலவான வரை பசியோடுதான்.

கித்துள் என்ற பனை இனத்தின் பாணியும் கருப்பட்டியும் இந்த ஊர்களில் வீடுகளிலேயே காய்ச்சுவார்கள். கடைப் போத்தலில் சீனி கலந்து விற்பதும் உண்டு என்பதால், தங்கிய வீட்டில் கேட்டு வாங்குவது நல்லது. போத்தலின் மூடியை நன்றாக இறுக்கி நிமிர்த்தி வையுங்கள். வளைவுப் பாதையில் சாய்ந்தால் வான் முழுக்க எறும்புதான்.

கடித்த இடம் அடுத்த நாள்தான் அரிக்கத் தொடங்கும். பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நகத்தை வெட்டி விடுங்கள். சிவந்து வீங்கிச் சீழ் பிடித்தால் அல்லது காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் காட்டி, காட்டுக்குப் போனதையும் சொல்லுங்கள்.